பவுடர் பூசாத அழகு

சென்ற மாதம் அரக்கோணத்தில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரே அமர்க்களம்! மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். பிள்ளை வீட்டாருக்குப் படம் அனுப்ப வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் பவுடர் பூசிக்கோடி" என்றாள் தாய்.

"பவுடர் எதற்கம்மா? கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் அக்கா தானே வெளுத்துவிடுவாள்!" என்றான் தம்பி.

பெண் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு ஓவியர் இளையராஜாவின் ஞாபகம் வந்தது. (இசையமைப்பாளரைச் சொல்லவில்லை!) கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் 1979-ல் பிறந்தவர், கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர். 'ஆனந்த விகடனி'ல் அவர் சித்திரங்களைப் பார்த்து, "புகைப்படமா, ஓவியமா?" என்று நீங்களும் திகைத்திருப்பீர்கள்.

அவர் வரைந்தது ராணிகளையா, அப்ஸரஸ்களையா? இல்லை. அடுப்படியில் அமர்ந்த பெண், பழைய மரக்கதவோரம் நிற்கும் பாவாடை தாவணிப் பெண். எல்லாம் நம் வீட்டுப் பெண்கள், நம் வீட்டு நிறம்!

கறுத்த மேனி என்று கறுப்பு வர்ணத்தை அப்பினால் உருவம் தட்டையாகிவிடும். இளையராஜா என்ன செய்வார், தெரியுமா? ஜன்னல் வழியாக ஒரு பக்கம் மட்டும் வெளிச்சத்தை விழவைப்பார். வெளிச்சம் பட்ட கன்னத்தில் செம்மையும் பழுப்பும் எழும், நெற்றி மினுங்கும், மறுபக்கம் நிழலில் ஆழ்ந்திருக்கும். டச்சு ஓவியர் வெர்மீர் 17-ம் நூற்றாண்டில், பால் ஊற்றும் பணிப்பெண்ணை ஜன்னலோரம் நிறுத்தி வரைந்ததும் இவ்விதமே. நிறத்தை மாற்றுவதில்லை, நிறத்தின் மேல் ஒளியை வைப்பதுதான் வித்தை.

2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. நாற்பதைத் தாண்டிச் சில வருஷங்களே ஆகியிருந்தன.

சிநேகிதியின் சுவரில் திருத்தணி முருகன் படம் தொங்கியது.

"வள்ளி யாரடி?" என்றேன்.

"வேடர் மகள். வெயிலில் தினைப்புனம் காத்தவள்."

"அவளைத்தானே தேடிப்போய், பக்கத்துத் திருத்தணியில் மணந்துகொண்டான்? பவுடர் கேட்டானா?"

சிநேகிதி சிரித்துவிட்டாள்.

பெண்ணை முகம் கழுவிவரச் சொல்லி, ஜன்னலோரம் நிறுத்தினேன். தம்பி படம் எடுத்தான். அதை வாங்கி அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அம்மா, இதையே அனுப்பு" என்றாள்.

பிள்ளை வீட்டாரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்களாம்!