இல்லாத நினைவகம் இயங்குவது எப்படி?



ஒரு சிறு கணக்குப் போடுவோம். உங்கள் கணிப்பொறியின் நினைவகம், அதாவது 'ராம்', 4 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயங்குதளம் 2 ஜிகாபைட்டை எடுத்துக்கொள்கிறது. உலாவியில் பல தளங்களைத் திறந்து வைத்ததில் இன்னொரு 2 ஜிகாபைட் போய்விட்டது. இப்போது படம் வரையும் நிரல் ஒன்றைத் தொடங்குகிறீர்கள். அது 1 ஜிகாபைட் கேட்கிறது. கூட்டினால் 5, இருப்பதோ 4. ஆயினும் கணிப்பொறி கையை விரிப்பதில்லை. மூன்று வேலைகளும் நடக்கின்றன. அந்த ஐந்தாவது ஜிகாபைட் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை 'மெய்நிகர் நினைவகம்' என்பதாகும். இதை அறிவதால் நடைமுறைப் பயனும் உண்டு. கணிப்பொறி மெதுவாக ஓடினால், "மெய்நிகர் நினைவகத்தைக் கூட்டு, வேகம் வரும்" என்பார் ஒருவர். "அதை அடியோடு நீக்கு, அப்போதுதான் வேகம் வரும்" என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதையும் கேட்டு எண்களை மாற்றினால், சேமிக்காத பாடக் குறிப்புகளை இழக்க நேரிடலாம். உள்ளே நடப்பது புரிந்தால் யார் சொல்வது சரி என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

மளிகைக் கடையும் கிடங்கும்

கடைத்தெருவில் உள்ள ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்புறம் சிறிய அலமாரி. பின்புறம் பெரிய கிடங்கு. அலமாரியில் இருக்கும் பொருளைக் கடைக்காரர் கை நீட்டியே எடுத்துவிடுவார். கிடங்கில் இருப்பதைப் பையனை அனுப்பித்தான் கொண்டுவர வேண்டும். எது எங்கே இருக்கிறது என்பதை ஒரு பேரேட்டில் குறித்து வைத்திருக்கிறார். அடிக்கடி விற்பவை அலமாரியில் இருக்கும். எப்போதோ கேட்கப்படுபவை கிடங்குக்குப் போகும். வாங்க வருபவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. கேட்ட பொருள் கிடைக்கிறது. சில சமயம் சற்றுத் தாமதமாகக் கிடைக்கிறது, அவ்வளவே.

கணிப்பொறியில் அலமாரிதான் ராம். கிடங்கு என்பது வன்தட்டு அல்லது எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகம். கடைக்காரர் இயங்குதளம். வாங்க வருபவை நாம் இயக்கும் நிரல்கள்.

பேரேடு அமைந்துள்ள விதம்

நினைவகம் சம அளவுள்ள சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் 'பக்கம்' என்று பெயர். இன்டெல் வகைக் கணிப்பொறிகளில் ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 4,096 பைட். இந்தக் கணக்கில் 4 ஜிகாபைட் ராமில் 10,48,576 பக்கங்கள் அடங்கும்.

ஒவ்வொரு நிரலும் தனக்கென ஒரு முழு நினைவகம் இருப்பதாகவே எண்ணி இயங்குகிறது. அது கேட்கும் முகவரி உண்மையான முகவரி அன்று, மெய்நிகர் முகவரி. மையச் செயலகம் 'பக்க அட்டவணை' என்னும் பேரேட்டைப் பார்த்து, அந்தப் பக்கம் ராமில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. பக்கம் ராமில் இல்லாவிட்டால் செயலகம் அந்த நிரலைச் சற்றே நிறுத்தி, இயங்குதளத்துக்கு அறிவிக்கிறது. இதற்குப் 'பக்கப் பிழை' என்று பெயர். பெயர்தான் பிழையே தவிர, யாரும் தவறு செய்துவிடவில்லை. "கிடங்குக்கு ஆளை அனுப்பு" என்பதே இதன் பொருள்.

இயங்குதளம் அந்தப் பக்கத்தைத் தட்டிலிருந்து கொண்டுவருகிறது. ராம் நிரம்பியிருந்தால் முதலில் வேறொரு பக்கத்தை வெளியேற்ற வேண்டும். வெளியேறும் பக்கம் மாற்றம் எதுவும் இல்லாத நிரல் வரிகளாக இருந்தால், அதன் படி ஏற்கெனவே தட்டில் இருக்கிறது, அப்படியே கைவிட்டுவிடலாம். நீங்கள் பாதி வரைந்த படம் போன்ற புதிய செய்தியாக இருந்தால் அதை எங்கேனும் எழுதி வைத்தாக வேண்டும். அதற்கென ஒதுக்கப்பட்ட இடமே 'பக்கக் கோப்பு'. விண்டோஸ் இயங்குதளத்தில் இது ஒரு மறைகோப்பாக இருக்கும். லினக்ஸில் இதை 'ஸ்வாப்' என்பார்கள்.

மான்செஸ்டரில் நிறைவேறிய எண்ணம்

இந்த ஏற்பாடு தனியாள் கணிப்பொறிகளை விட மூத்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக் கழகமும் ஃபெராண்டி நிறுவனமும் சேர்ந்து 'அட்லஸ்' என்னும் கணிப்பொறியை உருவாக்கின. டாம் கில்பர்ன் தலைமையில் அமைந்த அது 1962 டிசம்பர் 7 அன்று முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் விரைவான நினைவகம் சிறு காந்த வளையங்களால் ஆனது. 16,384 சொற்களை மட்டுமே கொண்டது. சுழலும் காந்த உருளைகளில் 98,304 சொற்கள் அடங்கும். கணிப்பொறியில் 'சொல்' என்பது ஒரே வீச்சில் கையாளப்படும் எண்களின் தொகுதி; அட்லஸில் ஒரு சொல் 48 பிட் நீளம்.

அதற்கு முன்பெல்லாம் நிரல் எழுதுபவரே தம் நிரலைத் துண்டு போட்டு, எந்தத் துண்டு எப்போது உருளையிலிருந்து வர வேண்டும் என்று கட்டளை எழுத வேண்டியிருந்தது. இது அலுப்பூட்டும் வேலை. தவறுக்கும் இடம் தருவது. அட்லஸ் அந்தச் சுமையைத் தானே ஏற்றுக்கொண்டது. 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக நினைவகத்தைப் பிரித்து, வேண்டியபோது தானாகவே மாற்றிக்கொண்டது. நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு வளையமும் உருளையும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகமாகத் தோன்றின.

தனியாள் கணிப்பொறிகளுக்கு இந்த வசதி பரவலாக வர வழி செய்தது 1985-இல் வெளிவந்த இன்டெல் 80386 செயலகம். 1990-இல் வந்த விண்டோஸ் 3.0 அதைப் பயன்படுத்தித் தட்டின் ஒரு பகுதியை நினைவகம்போல் கையாண்டது.

ஒரு நொடியும் ஒரு நாளும்

அப்படியானால் ராம் எதற்கு? தட்டையே முழுவதும் நினைவகமாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் வேகம் குறுக்கிடுகிறது.

ராமிலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகிறது. ஒரு நானோ நொடி என்பது ஒரு நொடியில் 100 கோடியில் ஒரு பங்கு. எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்க இதைப்போல் சுமார் 1,000 மடங்கு நேரம் ஆகும். சுழலும் வன்தட்டிலோ சுமார் 1,00,000 மடங்கு.

இந்த எண்களை நம் வாழ்க்கை அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். ராமிலிருந்து எடுக்க ஒரு நொடி ஆனால், எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்கச் சுமார் 17 நிமிடம் ஆகும். வன்தட்டிலிருந்து எடுக்கச் சுமார் 28 மணி நேரம், அதாவது ஒரு நாளுக்கும் மேல்!

ஆயிரம் முறை கேட்டதில் ஒரே ஒரு முறை வன்தட்டுக்குப் போக நேர்ந்தால் என்ன ஆகும்? அந்த ஒரு முறைக்கு 10 மில்லி நொடி, அதாவது 1 கோடி நானோ நொடி ஆகிறது. ஆயிரம் முறைக்கும் பங்கிட்டால் சராசரி ஏறக்குறைய 10,000 நானோ நொடி. ஆயிரத்தில் ஒன்று தவறியதற்கே வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

திணறல்

தீபாவளிக்கு முதல் நாள் அந்த மளிகைக் கடைக்குப் போங்கள். இருபது பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு பொருள் கேட்கிறார்கள். அலமாரியோ சிறியது. ஒருவருக்காகக் கொண்டுவந்த பொருளை எடுத்துக் கொடுப்பதற்குள், மற்றவருடைய பொருளுக்கு இடம் வேண்டி அதைத் திரும்பக் கிடங்குக்கு அனுப்புகிறார் கடைக்காரர். பையன் ஓடிக்கொண்டே இருக்கிறான், வியாபாரம் நடக்கவில்லை.

கணிப்பொறியிலும் இதே நிலை வரும். தட்டின் விளக்கு ஓயாமல் மின்னும். சுட்டியை அசைத்தால் திரையில் அசைவு தாமதமாகும். இதைத் 'திணறல்' எனலாம். 1968-இல் பீட்டர் டென்னிங் என்னும் அறிஞர் இதற்கான காரணத்தைத் தெளிவாக்கினார். எந்த ஒரு நிரலும் ஒரு குறுகிய காலத்தில் தன் பக்கங்கள் அனைத்தையும் தொடுவதில்லை. ஒரு சிறு தொகுதியையே மீண்டும் மீண்டும் தொடுகிறது. ஓடும் நிரல்களின் இத்தகைய தொகுதிகள் எல்லாம் ராமில் அடங்கும்வரை தொல்லை இல்லை. அடங்காமல் போகும்போது திணறல் தொடங்குகிறது.

அமைப்புகளில் எதைத் தொடலாம்?

இப்போது முதலில் கண்ட இரு அறிவுரைகளையும் ஆராய்வோம்.

"பக்கக் கோப்பைக் கூட்டினால் வேகம் வரும்" என்பது சரியா? கிடங்கைப் பெரிதாக்கினால் அலமாரி பெரிதாகுமா? ஆகாது. கிடங்கில் இடமே இல்லாதபோது கூட்டினால் நிரல்கள் நின்றுபோகாமல் காப்பாற்றலாம். ஆனால் வேகம் கூடாது.

"பக்கக் கோப்பை நீக்கினால் தட்டுக்குப் போகவே வேண்டாம், வேகம் வரும்" என்பதும் தவறு. நீக்கினாலும், மாற்றமில்லாத நிரல் வரிகளை இயங்குதளம் ராமிலிருந்து கைவிட்டு, வேண்டும்போது தட்டிலிருந்து மீண்டும் படிக்கும். எப்போதோ பயன்படும் புதிய செய்திகளோ, போக இடமின்றி ராமையே அடைத்துக்கொண்டு நிற்கும். மேலும், விண்டோஸ் நிரல்களுக்கு வாக்களிக்கும் மொத்த நினைவகம் ராமும் பக்கக் கோப்பும் சேர்ந்த அளவுக்கு மேல் போகாது. பக்கக் கோப்பு இல்லாவிட்டால் அந்த எல்லை விரைவில் வந்துவிடும். அப்போது நினைவகம் கேட்கும் நிரலுக்கு மறுப்பே விடை. அது சேமிக்காத வேலையுடன் மூடிக்கொள்ளலாம். லினக்ஸில் நினைவகம் அறவே தீர்ந்தால் இயங்குதளமே ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடும்.

'ராமைப்போல் ஒன்றரை மடங்கு' என்று ஒரு பழைய விதியும் உண்டு. ராம் மிகக் குறைவாக இருந்த காலத்தில் அது பொருந்தியது. 16 ஜிகாபைட் ராம் உள்ளவருக்கு 24 ஜிகாபைட் பக்கக் கோப்பு வேண்டும் என்றும், 4 ஜிகாபைட் உள்ளவருக்கு 6 போதும் என்றும் அது கூறுகிறது. அலமாரி பெரிதாகப் பெரிதாகக் கிடங்கின் தேவை குறையும் என்பதே இயல்பு அல்லவா? விதி தலைகீழாக இருக்கிறது.

ஆகவே செய்யத்தக்கவை இவை:

முதலாவது, அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பை இயங்குதளத்திடமே விட்டுவிடுங்கள். விண்டோஸில் இயல்பாக இருக்கும் அமைப்பு இதுவே.

இரண்டாவது, பக்கக் கோப்பு வளர்வதற்குத் தட்டில் காலி இடம் இருக்கட்டும். தட்டு முழுவதும் நிரம்பினால் கிடங்கின் கதவு அடைபட்டதுபோல் ஆகும்.

மூன்றாவது, வன்தட்டு, எஸ்.எஸ்.டி. இரண்டும் இருந்தால் பக்கக் கோப்பு எஸ்.எஸ்.டி.யில் இருப்பது நன்று. எனினும் எஸ்.எஸ்.டி.யில் எழுதும் தடவைகளுக்கு வரம்பு உண்டு. ஓயாத திணறல் அதன் ஆயுளையும் தின்றுவிடும்.

நான்காவது, பயன்படுத்தாத நிரல்களை மூடுங்கள். அப்படியும் திணறல் நாள்தோறும் வருமானால், ராமைக் கூட்டுவதே உண்மையான மருந்து. எந்த எண்ணை மாற்றினாலும் அதற்கு ஈடாகாது.

செய்து பாருங்கள்

1. விண்டோஸ் கணிப்பொறியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'கமிட்டட்' என்ற இடத்தில் சாய்கோட்டின் இருபுறமும் இரு எண்கள் தெரியும். முதலாவது, இதுவரை வாக்களித்த நினைவகம். இரண்டாவது, வாக்களிக்கக்கூடிய எல்லை. முதல் எண் இரண்டாவதை நெருங்குகிறது என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

2. வெளியேற்றும் பக்கத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? 'முதலில் வந்தது முதலில் வெளியேறும்' என்பது எளிய வழி. அதைத் தாளில் சோதிக்கலாம். ராமில் மூன்று பக்கங்களுக்கு மட்டுமே இடம் என்று கொண்டு, 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் பக்கங்களைக் கேளுங்கள். தொடக்கத்தில் ராம் காலி. எத்தனை முறை பக்கப் பிழை வருகிறது? 9 முறை. இப்போது நான்கு பக்கங்களுக்கு இடம் கொடுங்கள். பிழை குறையும் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? எண்ணிப் பாருங்கள்: 10 முறை! இடம் கூடியும் பிழை கூடுகிறது. லாஸ்லோ பெலாடியும் அவருடைய இரு தோழர்களும் 1969-இல் வெளியிட்ட வியப்பான முடிவு இது.

அடுத்து விதியை மாற்றுங்கள். நெடுநேரமாகத் தொடப்படாத பக்கத்தை வெளியேற்றுங்கள். மூன்று இடத்துக்கு 10 பிழை, நான்கு இடத்துக்கு 8 பிழை என்று வரும். இந்த விதியின்படி நடந்தால் இடம் கூடும்போது பிழை ஒருபோதும் கூடுவதில்லை. அது ஏன் என்று நண்பர்களுடன் சேர்ந்து சிந்தியுங்கள். ஒரு குறிப்பு: மூன்று இடங்களில் இருக்கும் பக்கங்கள் யாவும் அதே நேரத்தில் நான்கு இடங்களிலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு படியிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.