கேட்பாரற்று நிற்கும் கார் யாருடையது?

புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கரையிலோ வில்லியனூர் சாலையோரத்திலோ ஒரு கார் நாள்கணக்கில் நிற்கிறது; நம்பர் பிளேட்டும் இல்லை. உரிமையாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் துப்பு, அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண். எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் கொண்ட அதில், முதல் மூன்றும் தயாரிப்பாளரைச் சொல்லிவிடும். உதிரிபாகங்களைச் சேர்த்துக் கட்டிய காரென்றால், சேசிஸ் ஒரு வண்டியினுடையதாகவும் எஞ்சின் வேறொன்றினுடையதாகவும் இருக்கலாம். அதனால் சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையுமே ‘வாகன்’ என்னும் அரசின் வாகனப் பதிவேட்டில் தேடிப் பார்க்க வேண்டும்.

பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டுக் கிடக்கும் வாகனத்தை அகற்ற, சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு. போலீசார் கைப்பற்றிய வண்டிக்கு உரியவர் யாரென்று தெரியாவிட்டால், நீதித்துறை நடுவர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோர 6 மாத அவகாசம் உண்டு.

அப்படியொரு வண்டியைப் பார்த்தால் கதவைத் திறக்காதீர்கள், பாகங்களைக் கழற்றாதீர்கள். காவல் நிலையத்துக்கோ 112 என்ற எண்ணுக்கோ தெரிவியுங்கள். அது திருட்டுப்போன வண்டியாக இருந்தால், பறிகொடுத்தவருக்கு நீங்கள் செய்யும் பேருதவி அதுதான்.