இரண்டு விரையிலும் கட்டி என்றால்

மார்பகத்தில் கட்டி என்றால் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பார்கள். விரையில் கட்டி என்றால் பொதுவாக ஊசி குத்துவதில்லை. விரையின் நிணநீர் வயிற்றுக்குள் பெருந்தமனியை ஒட்டிய கணுக்களுக்குப் போகிறது. விரைப்பைத் தோலின் நிணநீரோ தொடை இடுக்குக்குப் போகிறது. தோலைத் துளைத்தால், உள்ளே இருப்பது புற்றாக இருக்கும்பட்சத்தில், அது பரவ இன்னொரு பாதை கிடைத்துவிடும். அதனால் அடிவயிற்றோரம் கீறி விரையையே எடுத்துவிட்டு, அது என்ன கட்டி என்று பிறகு சொல்வதுதான் வழக்கம். விரைக்குள் கெட்டியாகத் தட்டுப்படுபவற்றில் பெரும்பாலானவை புற்றுதான் என்பதால் இந்த அவசரத்தில் நியாயமும் உண்டு.

ஆனால் புற்றுபோல வேஷம் கட்டும் கட்டிகளும் இருக்கின்றன. எபிடெர்மாய்டு கட்டி அப்படி ஒன்று. அதன் உட்சுவர் நம் தோலைப்போலவே கெரட்டினை அடுக்கடுக்காக உதிர்க்கிறது. ஸ்கேனில் பார்த்தால் குறுக்கே நறுக்கிய வெங்காயம்: கருப்பும் வெளுப்புமாக வளையங்கள். டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் தெரியாது. ரத்தத்தில் புற்றைக் காட்டிக்கொடுக்கும் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி அளவுகளும் சரியாக இருக்கும். (இதை மட்டும் வைத்து நிம்மதியடையக் கூடாது, செமினோமா என்கிற புற்றிலும் பலருக்கு இவை சரியாகவே இருக்கும்.) எல்லா அடையாளமும் பொருந்தினால், கட்டியை மட்டும் எடுத்து, அறுவை நடக்கும்போதே அதை உறையவைத்துச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். புற்றில்லை என்று தெரிந்தால் விரை தப்பிக்கிறது.

இதைவிட விசித்திரம், கத்தியே தேவைப்படாத கட்டி. கருவில் அட்ரினல் சுரப்பியும் விரையும் பக்கத்தில் பக்கத்தில் உருவாகின்றன. விரை கீழிறங்கும்போது சில அட்ரினல் செல்களும் கூடவே வந்துவிடுகின்றன என்பது பரவலான கருத்து. சாதாரணமாக இவற்றால் தொந்தரவில்லை. அட்ரினலில் கார்டிசால் உருவாகத் தேவையான 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் சிக்கல். கார்டிசால் போதாமல் பிட்யூட்டரி ஏசிடிஎச் ஹார்மோனைக் கொட்டுகிறது. வழிதவறி வந்த செல்களும் அந்தக் கட்டளைக்குப் பருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு விரையிலும், நடுப்பகுதியை ஒட்டி.

நுண்ணோக்கியில் இது, விரையின் ஹார்மோன் செல்களில் வரும் லெய்டிக் செல் கட்டிபோலவே தெரிவதால், விரையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. ஒரு கேள்வி கேட்டிருந்தால் நொதிக்குறைக்கான துப்பு கிடைத்திருக்கலாம்: சின்ன வயதிலேயே முடி முளைத்து, மளமளவென வளர்ந்து, பிறகு வளர்ச்சி சீக்கிரம் நின்றுபோனதா? ஆமாம் என்றால், அந்த நொதி குறைந்தால் ரத்தத்தில் தேங்கும் 17-ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அளவைப் பார்க்க வேண்டும். அது எகிறியிருந்தால் வைத்தியம், கார்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மாத்திரை. பலருக்குக் கட்டி அதிலேயே சுருங்குகிறது. நெடுங்காலம் கவனிக்காமல் விட்டால்தான் உள்ளே நார்த்திசு இறுகி, மாத்திரைக்கு மசியாமல், விந்துக்குழாய்களை நெருக்கிப் பிள்ளைப்பேற்றுக்கே தடையாகிறது.