விஞ்ஞான நாவல் ஏன் மிரட்டுகிறது?

ஒரு பையன். பதினைந்து வயது. அவனைச் சோதிக்க ஒரு கிழவி வந்திருக்கிறாள். ஒரு பெட்டியைக் காட்டி, "இதற்குள் கையை விடு" என்கிறாள். பையன் கையை விடுகிறான். உடனே கிழவி விஷம் தோய்ந்த ஓர் ஊசியை அவன் கழுத்தருகே பிடித்துக் கொள்கிறாள். பெட்டிக்குள் இருக்கும் கை நெருப்பில் வேகிறது போல் வலிக்கிறது. கையை வெளியே இழுத்தால் ஊசி பாயும், உயிர் போகும். பையன் என்ன செய்வான்?

கதையை இப்படிச் சொன்னால் மேலே கேட்க யாருக்குத்தான் ஆவல் பிறக்காது? அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹெர்பர்ட் எழுதி 1965-ல் வெளிவந்த 'டியூன்' என்ற விஞ்ஞான நாவலின் முதல் அத்தியாயம் இதுதான். உலகத்தின் புகழ்பெற்ற விஞ்ஞான நாவல்களில் அது ஒன்று. அப்படியிருந்தும், அதைக் கையில் எடுத்த சிலர் கிழவியின் ஊசி வருவதற்கு முன்பே புத்தகத்தை மூடி வைத்து விடுகிறார்கள்.

காரணம் என்ன? அராக்கிஸ், காலடான், பெனி ஜெஸரிட், க்விஸாட்ஸ் ஹாடராக், காம் ஜப்பார், மென்டாட், லாண்ட்ஸ்ராட்... எல்லாம் அந்த ஒரே அத்தியாயத்தில் வரும் சொற்கள்! இவற்றில் எது ஊர், எது ஆள், எது ஆயுதம் என்பது முதலில் புரிவதில்லை. பலவற்றுக்கு அந்த இடத்தில் விளக்கமும் கிடையாது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் ஒரு ராஜகுமாரி எழுதியதாகக் கற்பனை நூல்களிலிருந்து சில வரிகள் வருகின்றன. அந்த ராஜகுமாரியோ கதையின் கடைசியில்தான் நேரில் தோன்றுகிறாள்!

புத்தகத்தை மூடி வைத்தவர், "நமக்கு விஞ்ஞானம் போதாது" என்று தம்மையே நொந்து கொள்கிறார். அது சரியான முடிவுதானா?

விஞ்ஞானம் அல்ல, விருந்தாளி நிலை

சரியல்ல. 'டியூன்' நாவலின் ஆரம்பத்தில் கணக்கோ, சூத்திரமோ எதுவும் இல்லை. இரண்டு பிரபு வம்சங்களின் பகை, சக்கரவர்த்தியின் சூழ்ச்சி, ஒரு தாயின் கவலை, இவைதாம் இருக்கின்றன. சரித்திர நாவல் படித்துப் பழகியவர்களுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

பெரிய கூட்டுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புது மருமகளை நினைத்துப் பாருங்கள். "மேலத்தெரு விவகாரம் தெரியாதா?" என்பார் மாமனார். "சின்னவன் வந்தால் எல்லாம் சரியாகும்" என்பார் மாமியார். எது மேலத்தெரு விவகாரம், யார் சின்னவன் என்று அவளிடம் யாரும் பட்டியல் போட்டுக் கொடுப்பதில்லை. அவர்கள் அவளுக்காகப் பேசவும் இல்லை. தங்களுக்குள் பேசிக் கொள்கிறார்கள். அவள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாள். ஒரு மாதத்தில் அந்த வீட்டின் ரகசியங்கள் எல்லாம் அவளுக்கு அத்துபடி!

விஞ்ஞான நாவலின் வாசகரும் இந்த மருமகளைப் போன்றவர்தான். கதாபாத்திரங்கள் தங்கள் உலகத்தில் இயல்பாகப் பேசிக் கொள்கிறார்கள். அந்த உலகத்துக்குப் புதியவர் வாசகர் ஒருவரே. ஆசிரியர் வேண்டுமென்றேதான் அவரை அப்படி நிறுத்தி வைக்கிறார்.

விளக்கிச் சொன்ன காலம்

எப்போதும் இப்படி இருந்ததில்லை. லக்ஸம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹியூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர், 1911-ல் தம்முடைய 'மாடர்ன் எலக்ட்ரிக்ஸ்' பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுதினார். கதை நடப்பது 2660-ம் ஆண்டில். அதில் புதிய யந்திரம் ஒன்று வந்தால் கதை அப்படியே நிற்கும். யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பிரசங்கம் நடக்கும். பிறகுதான் கதை நகரும். வாசகருக்குச் சிரமமே இல்லை. ஆனால் கதைக்கு உயிரும் இல்லை! வருங்கால மனிதன் தன் வீட்டு விளக்கைப் பற்றித் தன் நண்பனுக்கே பாடம் நடத்துவானா? நாம் யாராவது, "இது மின்சார விசிறி, இதற்கு மூன்று இறக்கைகள்" என்று வீட்டுக்கு வந்தவருக்கு விளக்குகிறோமா?

இந்தக் குறையை 1937-ல் 'அஸ்டவுண்டிங்' பத்திரிகையின் ஆசிரியரான ஜான் காம்ப்பெல் உணர்ந்தார். வருங்காலத்தில் வெளியாகும் சாதாரண மாதப் பத்திரிகையில் வரும் கதையைப் போலவே தம் பத்திரிகைக் கதைகள் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அதைச் செய்து காட்டியவர்களில் முதன்மையானவர் ராபர்ட் ஹைன்லைன். 1942-ல் வந்த அவருடைய கதை ஒன்றில், ஓர் அறையின் கதவு கண்மணி அகலுவதைப் போல வட்டமாக விரிந்து வழிவிடுகிறது. அதைப் பற்றி ஆசிரியர் ஒரு விளக்கமும் சொல்வதில்லை. போகிற போக்கில் ஒரே ஒரு வினைச்சொல். அவ்வளவுதான். அந்தச் சொல்லைப் பிடித்துக் கொண்ட வாசகர், "ஓ, இது வேறு உலகம்" என்று தாமே கண்டு கொள்கிறார். அப்படிக் கண்டு கொள்வதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

அந்தப் பத்திரிகைகளை மாதந்தோறும் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் சிறுகச் சிறுக வந்தது. ஒரு கதையில் கற்றது அடுத்த கதைக்கு உதவியது. வெளியிலிருந்து வருகிறவருக்கோ இந்தப் பயிற்சி இல்லை. முதல் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளிக்கூடமே போகாமல் நேரே பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தவன் விழிப்பதைப் போல அவர் விழிக்கிறார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அதைச் சுட்டிக் காட்டியவர் சாமுவேல் டிலேனி என்ற அமெரிக்க எழுத்தாளர். மற்ற நாவல்களில் உவமையாகப் படிக்க வேண்டிய வாக்கியத்தை விஞ்ஞான நாவலில் உண்மையாகவே எடுத்துக் கொள்ள நேரலாம் என்கிறார் அவர். "அவன் உடல் இங்கே இருந்தது, மனம் எங்கோ இருந்தது" என்று ஒரு குடும்ப நாவலில் வந்தால், யோசனையில் ஆழ்ந்திருக்கிறான் என்று பொருள். விஞ்ஞான நாவலிலோ, அவன் மனத்தை எடுத்து ஒரு யந்திரத்தில் வைத்திருக்கிறார்கள் என்றே பொருளாகலாம்! ஒவ்வொரு வாக்கியத்திலும் இந்தச் சந்தேகம் வந்தால் படிப்பவர் களைத்துப் போகாமல் என்ன செய்வார்?

இருபது பேர் திருப்பி அனுப்பிய நாவல்

வாசகர்கள் மட்டுமல்ல, பிரசுரகர்த்தர்களும் இந்தக் கஷ்டத்துக்குத் தப்பவில்லை. ஹெர்பர்ட் தொழிலால் பத்திரிகை நிருபர். 1957-ல் ஆரிகன் மாகாணத்துக் கடற்கரைக்குப் போனார். அங்கே நகர்ந்து வரும் மணல்மேடுகளைப் புல் நட்டுத் தடுக்கும் வேலை நடந்து கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் போனார். கட்டுரை முடியவில்லை, ஒரு பாலைவனக் கிரகமே அவர் மனத்தில் உருவாகிவிட்டது!

கதை, காம்ப்பெல்லின் பத்திரிகையில் (அதற்குள் அதன் பெயர் 'அனலாக்' என்று மாறியிருந்தது) 1963 டிசம்பர் முதல் 1965 மே வரை, இரு பகுதிகளாக எட்டு இதழ்களில் வெளிவந்தது. பழகிய வாசகர்கள் அதை வரவேற்றார்கள். ஆனால் புத்தகமாக வெளியிட இருபதுக்கும் மேற்பட்ட பிரசுராலயங்கள் மறுத்துவிட்டன. கடைசியில் ஏற்றுக் கொண்டது எது தெரியுமா? பிலடெல்பியா நகரின் 'சில்டன்' கம்பெனி. மோட்டார் வண்டியைப் பழுது பார்ப்பது எப்படி என்று விளக்கும் புத்தகங்களுக்குப் பேர்போன ஸ்தாபனம் அது! அங்கே ஆசிரியராக இருந்த ஸ்டெர்லிங் லானியர் பத்திரிகையில் கதையைப் படித்துவிட்டு, தாமே ஹெர்பர்ட்டைத் தேடிப் பிடித்தார்.

புத்தகம் முதலில் வேகமாக விற்கவில்லை. செலவு அதிகம், வரவு குறைவு என்று லானியர் வேலையையே இழந்தார் என்பார்கள். ஆனால் அந்த நாவல் முதலாவது 'நெபுலா' பரிசைப் பெற்றது. 1966-ல் இன்னொரு நாவலுடன் சேர்ந்து 'ஹியூகோ' பரிசையும் பெற்றது. மெல்ல மெல்ல வாசகர்கள் பெருகினார்கள்.

புத்தகத்தின் பின்னால் ஒரு சொல் அகராதி, ஒரு தேசப்படம், நான்கு பிற்சேர்க்கைகள் இருந்தன. 1984-ல் டேவிட் லிஞ்ச் இதைச் சினிமாவாக எடுத்தபோது, அமெரிக்காவில் சில தியேட்டர்களில் அருஞ்சொற்களின் பொருளை அச்சடித்து, படம் பார்க்க வந்தவர்கள் கையில் கொடுத்தார்கள்! பொழுது போக்க வந்தவரிடம் பரீட்சைக் குறிப்பைக் கொடுத்தது போல ஆயிற்று.

சோதனை சொல்வது என்ன?

தெரியாத சொல் எவ்வளவு இருந்தால் வாசகர் தடுமாறுகிறார்? ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்ற மாணவர்களிடம் ஒரு கதையைக் கொடுத்தார்கள். நடுநடுவே சில சொற்களை எடுத்துவிட்டு, பொருளே இல்லாத சொற்களைப் போட்டிருந்தார்கள். ஐந்துக்கு ஒரு சொல் தெரியாதபோது ஒருவருக்குமே கதை போதிய அளவு புரியவில்லை. பெரும்பாலோர் சிரமமின்றிப் படிக்க வேண்டுமானால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று மதிப்பிட்டார்கள். அதாவது, ஐம்பது சொற்களுக்கு ஒன்றுக்கு மேல் புரியாவிட்டால் கால் இடறும். ஆகவே, விஞ்ஞான நாவலின் முதல் பக்கங்களில் தடுமாறுவது மந்த புத்தியின் அடையாளம் அல்ல.

ஆனால் மறுபுறமும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் அந்தோணி பர்ஜஸ் 1962-ல் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' என்ற நாவலை எழுதினார். வருங்காலத்துப் போக்கிரிப் பையன் ஒருவன், ரஷ்யச் சொற்களைத் திரித்துச் செய்த ஒரு குழூஉக்குறியில் கதை சொல்கிறான். அகராதி சேர்ப்பதில் பர்ஜஸுக்கு இஷ்டமில்லை. அமெரிக்கப் பதிப்பில் ஒரு விமரிசகர் அகராதி சேர்த்தார். இந்த நாவலை அகராதி இல்லாமலே ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள சிலரிடம் கொடுத்து, படித்து முடித்தபின் எதிர்பாராமல் சொற்பரீட்சை வைத்தார்கள். 1978-ல் முடிவு வெளியாயிற்று. கேட்கப்பட்ட 90 சொற்களில் சராசரியாக முக்கால் பங்குக்குச் சரியான பொருள் சொன்னார்கள்! யாரும் சொல்லித் தரவில்லை. திரும்பத் திரும்ப வந்த சொல் தானே பொருளைச் சொல்லிவிட்டது. மருமகள் வீட்டைக் கற்றுக் கொண்ட அதே வழிதான்!

மனத்தடை ஒன்றும் இருக்கிறது. கவாலர், ஜான்சன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2017-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே காட்சி, ஒருவன் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைகிறான். சிலருக்கு அதைச் சாதாரண ஊர் ஓட்டலாகவும், மற்றவர்களுக்கு விண்வெளி நிலையமாகவும் எழுதிக் கொடுத்தார்கள். விண்வெளி என்று கண்டதுமே பலர் கவனத்தைத் தளர்த்திவிட்டார்கள். கதாபாத்திரங்களின் மனத்தை ஊகிப்பதிலும் குறைந்த மதிப்பெண்ணே பெற்றார்கள். "இதில் மனிதர்கள் எங்கே இருக்கப் போகிறார்கள்?" என்ற அலட்சியம் போலும்! ஆனால் பிறகு அவர்களே ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சோதித்தபோது, வாசகரின் முன் அபிப்பிராயத்தைவிட எழுத்தின் தன்மைக்கே வலிமை அதிகம் என்று தெரிந்தது. நன்றாக எழுதினால் அலட்சியமும் தோற்கும்.

குற்றம் யாருடையது?

எல்லாக் குற்றத்தையும் வாசகர் தலையில் கட்டிவிட முடியாது. முயலை 'ஸ்மீர்ப்' என்று அழைத்துவிட்டால் அது வேற்றுக் கிரகத்துப் பிராணி ஆகிவிடுமா என்று ஜேம்ஸ் பிளிஷ் என்ற எழுத்தாளர் பரிகாசம் செய்தார். பழைய பொருளுக்குப் புதுப் பெயர் சூட்டி மிரட்டுகிற ஆசிரியர், வாசகரிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தருவதில்லை. நல்ல ஆசிரியரோ வட்டியுடன் தருகிறார். அறுபது பக்கம் கழிந்தும் ஒரு சொல்லாவது தெளியவில்லை என்றால் புத்தகத்தைத் தாராளமாக மூடலாம். அதில் வெட்கம் வேண்டாம்.

அதற்கு முன்னால் சில உபாயங்கள்: பின்னால் உள்ள அகராதியை அடிக்கடி புரட்ட வேண்டாம், ஒவ்வொரு முறையும் கதை அறுந்து போகும். புரியாத சொல்லைக் கணக்கில் வைத்துக் கொண்டு மேலே செல்லுங்கள். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், யார் யாரை நேசிக்கிறார்கள் என்பதை மட்டும் முதலில் பாருங்கள். தினம் இரண்டு பக்கம் என்று கிள்ளிக் கிள்ளிப் படிக்காமல், முதல் ஐம்பது பக்கங்களை ஒரே மூச்சில் படியுங்கள். பெரிய நாவலுக்கு முன் சில சிறுகதைகளைப் படித்துப் பழகுவதும் நல்லது.

இன்று குழந்தைகூடச் சொல்லும் 'ரோபோ' என்ற சொல்லை, செக் நாட்டுக் கரெல் சாபெக் 1920-ல் வெளியிட்ட தம் நாடகத்தின் மூலம்தான் உலகத்துக்குக் கொடுத்தார். பத்திரிகைகளில் அடிபடும் 'சைபர்ஸ்பேஸ்' என்ற சொல், 1980-களில் வில்லியம் கிப்ஸன் கதைகளில் முளைத்தது. அன்று வாசகர் விழித்த சொல், இன்று வீட்டுச் சொல்!

அது சரி, பெட்டிக்குள் கை வைத்த பையன் என்ன ஆனான்? அவன் கையை இழுக்கவில்லை. பல்லைக் கடித்துக் கொண்டு பொறுத்தான். சோதனை முடிந்து கையை வெளியே எடுத்துப் பார்த்தால், ஒரு கீறல்கூட இல்லை. வலித்தது உண்மை, காயம் இல்லை. விஞ்ஞான நாவலின் முதல் ஐம்பது பக்கங்களும் அப்படித்தான்.