80 ரூபாய் கடனில் பிறந்த அப்பளம்
வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்க வழி காட்டிய 7 பெண்கள்

மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர் வீடுகளில் மாதத்தின் கடைசி வாரம் எப்படிக் கழியும் என்பதைச் சொல்லத் தேவை இல்லை. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ரெயில் பாஸ், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

"நானும் ஏதாவது வேலைக்குப் போகட்டுமா?" என்று மனைவி கேட்பாள். கைக்குழந்தையை யாரிடம் விடுவது? இந்தியும் மராத்தியும் சரளமாக வராது. பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

இதே கவலை 1959-ம் ஆண்டில் மும்பை கிர்காவ் பகுதியில் குடியிருந்த குஜராத்திப் பெண்கள் 7 பேருக்கும் இருந்தது. வெளியே போய் வேலை செய்யும் அளவுக்குப் படிப்பு இல்லை. தெரிந்தது சமையல் ஒன்றுதான். "தெரிந்ததையே தொழிலாக்கினால் என்ன?" என்று நினைத்தார்கள். அதில் பிறந்ததுதான் "லிஜ்ஜத்" அப்பளம்.

மொட்டை மாடியில் தொடக்கம்

1959 மார்ச் 15-ந் தேதி, தாங்கள் குடியிருந்த கட்டிடத்தின் மொட்டை மாடியில் 7 பேரும் கூடினார்கள். கையில் முதல் இல்லை. சமூக சேவகர் சகன்லால் கரம்சி பாரேக்கிடம் 80 ரூபாய் கடன் வாங்கி, மாவும் மற்ற சாமான்களும் வாங்கினார்கள். அன்று உருவானது 4 பாக்கெட் அப்பளம். அதைப் புலேஷ்வரில் ஒரு வியாபாரியிடம் விற்றார்கள்.

முதலில் உயர்ந்த ரகம், மலிவு ரகம் என்று இரண்டு வகை செய்தார்கள். "ஒரே ரகம் போதும். அது நல்ல ரகமாக இருக்கட்டும்" என்பது பாரேக் சொன்ன யோசனை. அதை ஏற்றார்கள். நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பது இல்லை என்றும் முடிவு செய்தார்கள்.

அடுத்து வந்தது மும்பை மழை! அப்பளம் காயவில்லை. 4 மாதம் தொழிலை நிறுத்தவேண்டியது ஆயிற்று. மறு ஆண்டு அதற்கும் வழி கண்டார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினார்கள்.

முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். இன்று நாடு முழுவதும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதில் இருக்கிறார்கள். விற்பனை பல நூறு கோடி ரூபாய். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்தி பென்னுக்கு 2021-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வேலை எப்படி?

அதிகாலையில் பெண்கள் கிளைக்கு வந்து, பிசைந்த மாவை வாங்கிச் செல்கிறார்கள். வீட்டு வேலைகளுக்கு நடுவே அப்பளம் இட்டு, காயவைத்து, மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எடையும் தரமும் பார்த்துக் கூலி கணக்கிடப்படுகிறது. புதிய மாவுடன் வீடு திரும்புகிறார்கள்.

கூலி மட்டும் அல்ல, இவர்கள் எல்லோரும் பங்குதாரர்கள். லாபத்திலும் பங்கு உண்டு, நஷ்டத்திலும் பங்கு உண்டு. சாதி, மதம் பார்ப்பது இல்லை. ஆண்கள் கணக்கு எழுதலாம், வண்டி ஓட்டலாம். பங்குதாரர் ஆகமுடியாது!

கஷ்டமும் உண்டு

இது சுலபமான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து இடவேண்டும். முதுகு வலிக்கும். எவ்வளவு இடுகிறோமோ அவ்வளவுக்குத்தான் கூலி. அப்பளம் இடவும் உலர்த்தவும் வீட்டில் சுத்தமான இடம் வேண்டும். ஒரே அறையில் 6 பேர் இருக்கும் குடும்பத்துக்கு அதுவே பெரிய பிரச்சினை.

ஆனாலும் குழந்தை கண் எதிரே இருக்கிறது. ரெயில் நெரிசல் இல்லை. கையில் வரும் காசு தன் உழைப்பின் காசு. அதனால் வீட்டில் ஒரு பெண்ணுக்கு வரும் மதிப்பு தனி.

நம்மவர்களுக்கும் இது புதிது அல்ல. தாராவியில் விடியும் முன்பே தமிழர் வீடுகளில் இட்லி வேகிறது. அதைப் பாத்திரங்களில் எடுத்துக்கொண்டு மும்பைத் தெருக்களில் விற்று வருகிறார்கள். அடுப்பங்கரையே அவர்களுக்குத் தொழிற்சாலை.

ஏமாறவேண்டாம்

"வீட்டில் இருந்தே ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம்" என்ற நோட்டீசுகளை ரெயில் பெட்டிகளில் பார்க்கிறோம். இப்போது செல்போனிலும் வருகின்றன. பதிவுக் கட்டணம், முன்பணம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறவர்கள் உண்டு.

எந்த வேலையாக இருந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் செய்யும் பொருளை வாங்குவது யார்? கூலி எப்போது கைக்கு வரும்? ஏற்கனவே செய்கிறவர்களை நேரில் பார்க்க முடியுமா? பதில் சரியாக வராவிட்டால் விலகிவிடுங்கள். வேலை கொடுப்பவர் கூலி கொடுக்கவேண்டுமே தவிர, நம்மிடம் பணம் கேட்கக்கூடாது.

அந்த 7 பெண்களும் பெரிய வருமானத்தைக் கனவு கண்டு தொடங்கவில்லை. முதல் நாள் 4 பாக்கெட்தான். தெரிந்த தொழில், குறையாத தரம், சேர்ந்து உழைக்கும் நாலு பேர். இவை இருந்தால் வீட்டு வாசலைத் தாண்டாமலும் சம்பாதிக்கலாம்.

இன்று இரவு சாப்பாட்டில் அப்பளத்தை நொறுக்கும்போது, இந்தப் பேச்சை வீட்டில் எடுத்துப் பாருங்களேன்!