வெளிநாடு போகாதவருக்குத் தொழுநோய் வந்தது எப்படி?

அமெரிக்காவில் தொழுநோய் அரிது. ஆண்டுக்குச் சுமார் 150 முதல் 250 பேருக்குத்தான் புதிதாகக் கண்டறியப்படுகிறது. இவர்களில் பெரும்பாலோர் நோய் பரவலாக உள்ள நாடுகளில் வாழ்ந்தவர்கள். ஆனால் லூசியானா, டெக்சாஸ் போன்ற தென் மாநிலங்களில் சிலர் நாட்டைவிட்டு வெளியே போனதே இல்லை. தொழுநோயாளி யாரோடும் பழகியதும் இல்லை. அவர்களுக்கு எங்கிருந்து தொற்றியது?

இதற்கு விடை தேடுவது எளிதல்ல. ‘மைக்கோபாக்டீரியம் லெப்ரே’ என்ற தொழுநோய்க் கிருமி இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். தொற்றியபின் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். அத்தனை காலத்துக்கு முன் யாரோடு இருந்தோம், எதைத் தொட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

போதாக்குறைக்கு, இந்தக் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்கவும் முடியாது. இங்கேதான் ஆர்மடில்லோ வருகிறது. நம்மூர் எறும்புத்தின்னியைப் போல உடல் முழுக்கக் கவசம் போர்த்திய அமெரிக்க விலங்கு அது. அதன் உடல் வெப்பம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ்தான். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். மனித உடலில் தோல், மூக்கு, காது மடல் ஆகியவற்றை அது நாடுவதும் அதனால்தான். 1971இல் ஆய்வாளர்கள் ஆர்மடில்லோவின் உடலில் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே, காட்டில் திரியும் ஆர்மடில்லோக்களிலும் இயற்கையாகவே இந்த நோய் இருப்பது தெரியவந்தது.

ஆர்மடில்லோவிடமிருந்துதான் மனிதருக்குத் தொற்றுகிறதோ என்ற சந்தேகம் வலுத்தது. ஆதாரத்தை மரபணு தந்தது. 2001இல் தொழுநோய்க் கிருமியின் முழு மரபணு வரிசை வெளியானது. அதற்குப் பயன்பட்ட கிருமி முதலில் பிரித்தெடுக்கப்பட்டது தமிழ்நாட்டில், வளர்க்கப்பட்டது ஆர்மடில்லோவில். கிருமியின் வகைகளை நுட்பமாக ஒப்பிட அந்த வரிசை வழிவகுத்தது. 2011இல் வெளியான ஆய்வில், தென் மாநிலங்களின் 33 காட்டு ஆர்மடில்லோக்களில் 28இல் ஒரே வகைக் கிருமி இருந்தது. ஆர்மடில்லோக்கள் வாழும் பகுதிகளைச் சேர்ந்த 25 நோயாளிகளில் 22 பேரிடமும் அதே வகை. உலகில் வேறெங்கும் அது பதிவாகியிருக்கவில்லை.

ஆனால் பழியை விலங்கின் மேல் போட முடியாது. தொழுநோய்க் கிருமியின் இந்த இனம் ஐரோப்பியக் குடியேற்றத்தோடும் அடிமை வணிகத்தோடும் அமெரிக்கக் கண்டங்களுக்குப் போனது என்பதே மரபணு சொல்லும் கதை. மனிதரிடமிருந்து ஆர்மடில்லோவுக்குப் போனது, இப்போது மனிதருக்கே திரும்புகிறது. அதுவும் முழு விடையல்ல. புளோரிடாவில் வெளிநாடும் போகாத, ஆர்மடில்லோவையும் தொடாத நோயாளிகள் இருக்கிறார்கள். ஆகவே, பயண வரலாறு இல்லை என்பதற்காகத் தொழுநோயை ஒதுக்கிவிடாதீர்கள் என்று அங்குள்ள மருத்துவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

இந்தியாவில் ஆர்மடில்லோ இல்லை. ஆனாலும், உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இங்கேதான் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இங்கே ஊற்றுக்கண், சிகிச்சை பெறாத மனிதர். அவர் மூச்சிலும் தும்மலிலும் வெளிப்படும் துளிகள் வழியாக, மாதக்கணக்கில் நெருங்கி வாழ்பவருக்கே பொதுவாகத் தொற்றுகிறது. கைகுலுக்கினாலோ பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலோ ஒட்டிக்கொள்ளாது. நூற்றில் 95 பேருக்கு இயற்கையாகவே எதிர்ப்பாற்றல் உண்டு. கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே பரப்பும் தன்மை போய்விடுகிறது. ஆறு மாதம் அல்லது ஓராண்டில் நோய் குணமாகிறது. மருந்து இலவசம்.

அமெரிக்கர்களைப்போல் காட்டில் தேட வேண்டிய நிலை நமக்கில்லை. ஒருவருக்கு நோய் உறுதியானால், அவர் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் பரிசோதித்து, தகுதியுள்ளவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் என்ற மருந்தைக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் முதலில் நோயாளி வெளியே வர வேண்டும். நோயின் அறிகுறியான உணர்ச்சியற்ற தேமலை மறைக்க வைக்கும் அவமானம் இருக்கும்வரை, கிருமிக்கு இன்னொரு விலங்கு தேவையில்லை.