புரிஞ்சுது சார்!

தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு அதிகத் தடவை சொல்லப்படும் பொய் எது தெரியுமா? 'வந்துக்கிட்டே இருக்கேன் சார், பக்கத்துலதான்' என்று நீங்கள் சொன்னால் பாதி மார்க்தான். அது இரண்டாவது இடம். முதல் இடம், 'புரிஞ்சுது சார்!'

நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் வாத்தியார். பாடத்தை முடித்து, சாக்பீஸ் தூசியைத் தட்டியபடி 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 38 தொண்டைகளும் ஒரே சுருதியில் பதில் சொல்லும். அந்தக் கோரஸை நம்பி அடுத்த பாடத்துக்குப் போகிறவர், காலாண்டுப் பேப்பர் திருத்தும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிரிக்காதீர்கள். உங்கள் ஆபீஸில் மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் 'எனி டவுட்ஸ்?' என்கிறார். யாராவது கையைத் தூக்குகிறீர்களா? டீக்கடைக்கு வந்த பிறகுதானே, 'என்னடா சொன்னாரு அந்தாளு?'

இந்தக் கோரஸுக்குப் பின்னால் நிஜத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நான் இன்டர்நெட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பாடம் நடத்த, பரீட்சை வைக்க, படம் காட்ட... தீபாவளி சமயத்து ரங்கநாதன் தெரு மாதிரி சரக்கு கொட்டிக் கிடக்கிறது. கையில் காசில்லாமல் நுழைகிறவனுக்கு ஒரு கொள்கை வேண்டுமல்லவா? நான் மூன்று வைத்துக்கொண்டேன். ஒன்று, இலவசமாக இருக்க வேண்டும். இரண்டு, என் ஒரே ஒரு போன் போதுமானதாக இருக்க வேண்டும். (எங்கள் பள்ளியில் மாணவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது.) மூன்று, சிக்னல் போனாலும் வகுப்பு நிற்கக் கூடாது.

"தம்பி, என் கரும்பலகைக்கு சார்ஜே போட வேணாம். அதையும் கணக்குல வச்சுக்குங்க" என்றார் எங்கள் தமிழ் ஐயா, மூக்குப்பொடியை உறிஞ்சியபடி. நியாயமான பேச்சு.

முதலில் பார்த்தது கஹூட். நார்வேக்காரர்கள் 2013-ல் கொண்டுவந்த வினாடி வினா. பாட்டு, கலர், போட்டி என்று திருவிழாவாக இருக்கும். ஆனால் பதில் சொல்ல பையன்கள் கையில் போனோ கம்ப்யூட்டரோ வேண்டும். என் இரண்டாவது கொள்கையில் அடிபட்டுப் போயிற்று.

அட்டையைத் தூக்கு!

அடுத்து கிடைத்ததுதான் ப்ளிக்கர்ஸ். விஷயம் ரொம்ப சிம்பிள். ஆளுக்கு ஒரு காகித அட்டை. அதில் கறுப்பு வெள்ளையில் ஒரு சதுரக் கோலம். நம் பாடப் புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. கேள்வியைக் கேட்டதும், எது விடையோ அந்தப் பக்கம் மேலே வருமாறு அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை ஒரு சுற்று சுற்றினால் போதும். எத்தனாம் நம்பர் என்ன விடை சொன்னான் என்று என் போனில் வந்து விழுந்துவிடும்.

இதில் இரண்டு விஷமம் உண்டு. ஒவ்வொரு அட்டையிலும் கோலம் வேறு. அதனால் பக்கத்து அட்டையைப் பார்த்து அப்படியே காப்பியடிக்க முடியாது. இன்னொன்று, யார் தப்பு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தப்பாகச் சொன்னால் கிளாஸே சிரிக்கும் என்ற பயம் போய்விடுகிறது. பத்தாவது படிக்கிற வயதில் அந்தப் பயம், அடிக்குப் பயப்படுவதைவிடப் பெரிசு.

அட்டைகளை அவர்கள் தளத்திலிருந்தே இலவசமாக பிரிண்ட் எடுக்கலாம். லேமினேஷன் போடுகிறேன் என்று பளபளப்பாக்கிவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா திணறும். கெட்டி அட்டையில் ஒட்டினால் ஒரு வருஷம் தாங்கும். இலவசக் கணக்கில் ஒரு தடவைக்குச் சில கேள்விகள்தான். எனக்கு மூன்றே போதும். சிக்னல் இல்லாத நாளில்? அதே அட்டை, அதே நாலு பக்கம், என் கண்ணே கேமரா!

பந்து என்ன சொல்லுது?

முதல் நாள் நான் கேட்ட கேள்வி இது. பந்தை நேராக மேலே எறிகிறோம். உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் பந்தின் மேல் என்ன விசை? ஏ, எதுவும் இல்லை. பி, மேல்நோக்கி. சி, கீழ்நோக்கி ஈர்ப்பு விசை. டி, மேலும் கீழும் சமமாக. (காற்றை விட்டுவிடுங்கள்.)

அதற்கு முதல் நாள்தான் இயக்க விதிகளை நடத்தி முடித்து, 'புரிஞ்சுது சார்' கோரஸும் வாங்கியிருந்தேன். 38 பேரில் சரியாகச் சொன்னவர்கள் 9 பேர். பெரும்பாலோர் 'ஏ'. விதியை எழுதச் சொன்னால் கமா, புள்ளி விடாமல் எழுதும் கூட்டம் அது!

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், 1990-களின் தொடக்கத்தில் தன் மாணவர்களுக்கு இதே ரகத்தில் ஒரு அடிப்படைப் பரீட்சை வைத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி பதில் எழுதட்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டாராம். மசூருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் பிறகு அவர் பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டார். கேள்வி கேட்பார், எல்லாரும் பதில் காட்ட வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், மறுபடி பதில் காட்ட வேண்டும். 1997-ல் இதைப் புத்தகமாகவும் போட்டார்.

நானும் அதையே செய்தேன். விடையைச் சொல்லவில்லை. "பக்கத்துல இருக்கறவன்கிட்ட மூணு நிமிஷம் சண்டை போடுங்க" என்றேன். வகுப்பு சந்தைக்கடை ஆயிற்று. ஹெச்.எம். வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுபடி அட்டை. இப்போது 27 பேர் 'சி'!

நான் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. அப்புறம் யார் சொல்லித் தந்தது?

23-ம் நம்பர்

கடைசி பெஞ்சில், ஜன்னல் ஓரம், 23-ம் நம்பர். ஜூனில் நான் அந்த வகுப்பை ஏற்றபோதே 'அவனை விட்டுடுங்க, தேறாத கேஸு' என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லி ஒப்படைத்திருந்தார்கள். எழுத்து கோழிக் கிறுக்கல். வாசிக்கச் சொன்னால் எழுந்து தலையைக் குனிந்துகொள்வான். அவன் அப்பா போர்வெல் லாரியில் வேலை. வருஷத்தில் பாதி வெளி மாநிலத்தில். 'பையனையும் தையோட வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் தடவையே 'சி' காட்டிய 9 பேரில் அவன் ஒருவன். அந்த மூன்று நிமிஷச் சண்டையில் அவன் பக்கத்துப் பையனிடம் சொன்னதைக் காதால் கேட்டேன்: "டேய், விசை இல்லன்னா பந்து அங்கியே தொங்கிக்கினு இருக்கணும்ல? ஏன்டா கீழ வருது?"

இதைவிட நன்றாக எந்த கைடிலும் இல்லை.

குருட்டாம்போக்கு அடி என்று நினைத்துவிடக் கூடாதே! நாலு வாரம் பார்த்தேன். ஒளி, மின்சாரம், வெப்பம்... அட்டை தூக்கச் சொன்னால் 23 எப்போதும் முதல் அஞ்சுக்குள். எழுதச் சொன்னால் கடைசி. ஆக, தடை மூளையில் இல்லை. எழுத்துக்கும் மூளைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. வட்டார வள மையத்துச் சிறப்பு ஆசிரியரை வரவழைத்தோம். அவர் மூலமாக ஆஸ்பத்திரிப் பரிசோதனை. டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடு. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் உண்டு.

அவன் அப்பாவைக் கூப்பிட்டு, போனில் அந்த நாலு வாரத்து விடைகளைக் காட்டினேன். பச்சை பச்சையாக வரிசை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப என் மவன் மக்கு இல்லியா சார்?"

இந்தக் கேள்விக்கு அட்டை வேண்டியிருக்கவில்லை.

பையன் பொதுத்தேர்வு எழுதினான். பேப்பரில் போட்டோ வருகிற மார்க் இல்லை, கௌரவமான மார்க். இப்போது ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிக்கிறான். லாரி அவனை விட்டுவிட்டுத்தான் போயிற்று.

இன்னும் சில சரக்குகள்

மின்சாரப் பாடத்துக்கு ஃபெட். 2001-ல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன், 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. திரையிலேயே ஒயர், பல்பு, பேட்டரி மாட்டி விளையாடலாம். தப்பாக மாட்டினால் தீப்பிடிக்கும், ஆனால் ஹெச்.எம். மெமோ கொடுக்க மாட்டார். முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஒரு டிப்ஸ்: ஸ்விட்சைத் தட்டுவதற்கு முன் 'எந்த பல்பு எரியும்?' என்று பந்தயம் கட்டச் சொல்லுங்கள். பந்தயம் கட்டாமல் பார்த்தால் அது வெறும் சினிமா.

2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடியையும் விடவில்லை. கேள்வி எடுத்துத் தரச் சொன்னால், வேகத்தையும் திசைவேகத்தையும் ஒன்றாக்கி எனக்கே பாடம் எடுத்தது. அதுவும் என்ன தைரியமாக! எனவே அதற்கு வேறு உத்தியோகம் கொடுத்திருக்கிறேன்: பையன்கள் எப்படியெல்லாம் தப்பாக நினைப்பார்கள் என்று பட்டியல் போடுவது. தப்பு விடை தயாரிப்பதில் கில்லாடி. சரி விடை என் பொறுப்பு.

எந்தத் தளத்திலும் பிள்ளைகளின் பெயர், போட்டோ, போன் நம்பர் ஏற்றுவதில்லை. வெறும் நம்பர்தான். 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

உங்களுக்கும் ஒன்று

வாத்தியார் இல்லாதவர்கள் ஏமாற வேண்டாம். குரூப் 4, பேங்க் எக்ஸாம் என்று ராத்திரி கண் விழிப்பவர்களுக்கு ஆன்கி. 2006-ல் டேமியன் எல்ம்ஸ், ஜப்பானிய மொழி கற்பதற்காகத் தனக்கென்று செய்துகொண்டது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. தெரிந்த அட்டை பல நாள் கழித்துத் திரும்பும். தெரியாதது கடன்காரன் மாதிரி சீக்கிரமே கதவைத் தட்டும். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம்.

வேலை செய்யுமா? அதே 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்தார்கள். ஒரு கூட்டம் பாடத்தை நாலு தடவை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை படித்து, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷம் கழித்துக் கேட்டால் படித்தவர்களுக்கு வெற்றி. ஒரு வாரம் கழித்து? படித்தவர்களுக்கு 40 சதவீதம் ஞாபகம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61! மஞ்சள் பேனாவால் புத்தகம் முழுக்கக் கோடு போடும் என் மச்சானிடம் இதைச் சொன்னேன். அந்த வரிக்கும் கோடு போட்டான்.

நான் ஆன்கியில் வைத்திருப்பது ஐந்து வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள். ஒரு பக்கம் எந்த வகுப்பு, எத்தனாவது பெஞ்ச், மறுபக்கம் பெயர். 'ஏய், நீலப் பை!' என்று கூப்பிடுவதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும், ஒரு பையன் நிமிர்ந்து உட்காருவதில் வித்தியாசம் தெரிகிறது.

போன வாரம் தமிழ் ஐயா மெல்ல என் பக்கம் வந்தார். "அந்த அட்டையை ஒரு பீரியட் குடுங்க தம்பி. வல்லினம் மிகும் இடம் நடத்தணும்."

கொடுத்தேன். 38-ல் எத்தனை பேர் சரி என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்துகிறார்.